ஆய்வேடு நூலகத்தில், கேஸ் எங்கே? ஓபன்ஃபோம் நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஓபன்ஃபோம் என்ற பாய்மக் கணக்கு மென்பொருளை வைத்துப் பாடமோ புராஜெக்டோ நடத்துகிற எல்லாருக்கும் இந்த மடல். இயந்திரவியல், வேதிப்பொறியியல், வானூர்திப் பொறியியல் என்று எந்தத் துறையாக இருந்தாலும் சரி. வேறு திறமூலச் சிமுலேஷன் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்களும் படிக்கலாம். மென்பொருளின் பெயர்தான் வேறு, தலைவலி ஒன்றுதான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்களிடம் புராஜெக்ட் செய்யும் மாணவர் ஆய்வேட்டைக் கொடுக்கும்போது, வேறொருவர் கணினியிலும் ஓடக்கூடிய ஒரு கேஸையும், அதாவது கணக்கின் உள்ளீட்டுக் கோப்புகள் எல்லாம் அடங்கிய கோப்புறையையும், கூடவே கொடுக்க வேண்டும். அந்தக் கேஸ்கள் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு என்று நீங்கள் அறிவிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது நடந்தால் முதல் இரண்டும் தானாக நடக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் மாணவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஓபன்ஃபோம் தெரியாதவர்கள் கையிலும் இந்த மடல் போய்ச் சேரலாம் என்பதால் ஒரு சிறு விளக்கம். காற்று, நீர், எண்ணெய், புகை என்று ஓடுகிற எதையும் கணினியில் கணக்கிட்டுப் பார்க்க உதவும் மென்பொருள் அது. 1980களின் கடைசியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஃபோம் என்ற பெயரில் பிறந்தது. 2004 டிசம்பரில், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. அதில் பொத்தான்கள் நிறைந்த திரையெல்லாம் கிடையாது. ஒரு கோப்புறை, அதற்குள் 0, கான்ஸ்டன்ட், சிஸ்டம் என்று மூன்று, அவற்றுக்குள் எழுத்துக் கோப்புகள். ஆரம்ப வேகம், அழுத்தம், சுவரில் என்ன நிபந்தனை என்பதெல்லாம் 0-இல் இருக்கும். பாய்மத்தின் பண்புகளும், இடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையான மெஷ்ஷும் கான்ஸ்டன்ட்டில். எவ்வளவு நேரம் ஓட்டுவது, எந்தச் சமன்பாட்டை எந்த முறையில் தீர்ப்பது என்பவை சிஸ்டத்தில். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு கேஸ்.

ஒரு மாணவரின் முழுப் பரிசோதனையும் சில கிலோபைட் எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. காற்றுச் சுரங்கத்தைக் கழற்றி மின்னஞ்சலில் அனுப்ப முடியாது, இதை அனுப்பலாம். ஆனாலும் யாரும் அனுப்புவதில்லை.

இந்த மென்பொருளை எல்லாரும் கற்பது ஒரே வழியில்தான். ஓடுகிற கேஸ் ஒன்றைப் பிரதியெடுத்து, தனக்கு வேண்டியபடி மாற்றுவது. வெற்றுக் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து கேஸ் எழுதியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பழுத்த அனுபவசாலிகளும் பழைய கேஸைத்தான் தேடுகிறார்கள். எதிலிருந்து தொடங்குகிறோம் என்பதில் பாதி வேலை முடிவாகிவிடுகிறது என்பதால், பிழையான கேஸில் தொடங்கினால் அந்தப் பிழை பேரன் பேத்தி வரை வரும். இதற்கு ஒரு தடயமும் உண்டு. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதிப்பு எண் எழுதிய ஒரு பட்டை இருக்கும். இன்றைய பதிப்பில் ஓடும் கேஸுக்குள் 2.3.0 என்ற பட்டையைப் பார்த்தால், 2014-இல் யாரோ எழுதியது கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அந்தப் பட்டையையே மாற்றாதவர்கள் உள்ளே இருக்கும் எண்களை மட்டும் சரிபார்த்திருப்பார்களா?

மென்பொருளோடு வருகிற டுடோரியல்கள் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் வேலை வேறு. இப்படி ஒரு சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) இருக்கிறது, அதை இப்படிக் கூப்பிட வேண்டும் என்று காட்டுவதற்காக எழுதப்பட்டவை அவை. வந்த விடை சரியா என்பது அவற்றின் கவலை அல்ல. எல்லாரும் முதலில் ஓட்டும் கேவிட்டி என்ற டுடோரியலை எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பெட்டி. அதன் மேல்மூடி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. இயக்கப் பாகுநிலை 0.01. கணக்குப் போட்டால் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் நீளத்தையும் பெருக்கி, பாகுநிலையால் வகுத்தது) 10. மெஷ் 20-க்கு 20. இந்தப் பெட்டிக்கு உலகம் முழுக்க ஒப்பிடப் பயன்படும் எண்கள் கியா, கியா, ஷின் மூவரும் 1982-இல் வெளியிட்டவை. அவை ரெனால்ட்ஸ் எண் 100-இல்தான் தொடங்கி 10,000 வரை போகின்றன. அதாவது உலகிலேயே அதிகம் ஒப்பிடப்பட்ட கணக்கை, ஒப்பிடவே முடியாத ஒரு எண்ணில் வைத்து நாம் அறிமுகப்படுத்துகிறோம். பாகுநிலையைக் குறைத்து 100-க்குக் கொண்டுபோகும் பயிற்சி பயனர் கையேட்டில் இருந்தது. அதுவரை போகிறவர்கள் குறைவு. மாணவர் ஓட்டுகிறார், முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூவில் சிவப்பும் நீலமுமாக ஒரு சுழல் வருகிறது, "சார், வந்துடுச்சு" என்கிறார். என்ன வந்தது என்று நாமும் கேட்பதில்லை.

ஓபன்ஃபோம் சில கிளைகளாக வருகிறது, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அவற்றில் ஈஎஸ்ஐ கிளை எனப்படுவதில் சரிபார்ப்புக்கென்றே டுடோரியல்களில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஈரோட்டில் ஒரு மாணவர் தன் இறுதியாண்டு வேலைக்குத் தேடுவது அங்கே இருக்காது. நெல் உலர்த்தியின் உள்ளே காற்று எப்படிப் பரவுகிறது, சூரியக் காற்றுச் சூடேற்றியின் தகட்டில் வரிப்பள்ளம் வைத்தால் எவ்வளவு வெப்பம் கூடுதலாக ஏறும், தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசு எந்தப் பக்கம் போகும் என்பவை நம் ஊர்க் கேள்விகள். நம் ஊரில் நானோஃப்ளூயிட் (நானோ துகள் கலந்த திரவம்) புராஜெக்ட் மட்டும் எத்தனை நடந்திருக்கும்! ஒரு கேஸாவது கையில் கிடைக்கிறதா?

இப்போதைய நடைமுறையைப் பாருங்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்று யுஜிசி விதி போட்டிருக்கிறது. நல்ல விதி, எத்தனையோ ஆய்வேடுகளை இன்று வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது. ஆனால் ஏறுவது பிடிஎஃப் மட்டும்தான். கேஸ் மாணவரின் லேப்டாப்பில் இருக்கும். அவர் வேலைக்குப் போனதும் லேப்டாப் மாறும். ஆய்வகக் கணினியில் ஒரு பிரதி இருந்தால் அடுத்த வருடம் வருகிறவர் இடம் போதவில்லை என்று அழித்துவிடுவார். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம், நீங்கள் செய்ததைக் காட்டுங்கள் என்று கேட்டால் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் படங்கள்தான்.

படமும் பிடிஎஃப்பும் ஏன் போதாது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆய்வேட்டில் "இரண்டாம் நிலை அப்விண்ட் முறை பயன்படுத்தப்பட்டது" என்று ஒரே வரி இருக்கும். அப்விண்ட் என்பது பாய்வு வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பை வைத்துக் கணக்கிடும் முறை; நிலை கூடினால் துல்லியம் கூடும். கேஸில் கணக்கு முறைகளை எழுதும் எஃப்வி-ஸ்கீம்ஸ் கோப்பில் அது ஒரே வரி அல்ல. வேகத்துக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று, டர்புலன்ஸ் எனும் கொந்தளிப்பைக் குறிக்கும் கே-க்கு ஒன்று, ஒமேகாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுத வேண்டும். வேகத்துக்கு மட்டும் லீனியர்-அப்விண்ட் போட்டுவிட்டு, டர்புலன்ஸ் அளவுகளுக்கு முதல் நிலை அப்விண்டையே விட்டுவைப்பது சர்வ சாதாரணம். கணக்கு நிலையாக ஓட அது உதவும் என்பதால் வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு, தப்பில்லை. ஆனால் ஆய்வேட்டைப் படிக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. கேஸைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, நல்ல கேஸ் என்றால் என்ன? என்னைக் கேட்டால், விடை முன்பே தெரிந்த கேஸ். களஞ்சியத்தின் முதல் கேஸாக எதை வைக்கலாம் என்றால், 1996-இல் ஷேஃபர், டூரெக் இருவரும் வெளியிட்ட உருளைக் கணக்கைச் சொல்வேன். 2.2 மீட்டர் நீளமும் 0.41 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கால்வாய். அதில் 0.1 மீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை. அதன் மையம் கீழ்ச்சுவரிலிருந்து 0.2 மீட்டரில் இருக்கிறது. அதாவது நட்டநடுவில் இல்லை, அரை சென்டிமீட்டர் கீழே. ரெனால்ட்ஸ் எண் 20-இல் இழுவைக் கெழு (பாய்வு உருளையைத் தன் திசையில் இழுக்கும் விசையின் அளவு) 5.57-க்கும் 5.59-க்கும் இடையில் வர வேண்டும். ஏற்றக் கெழு (பாய்வுக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசையின் அளவு) 0.0104-க்கும் 0.0110-க்கும் இடையில். இழுவை சுலபமாக வந்துவிடும். அந்த அரை சென்டிமீட்டர் தள்ளலால் வரும் துளியூண்டு ஏற்றம்தான் மெஷ்ஷின் யோக்கியதையைக் காட்டிக்கொடுக்கும். ரெனால்ட்ஸ் எண்ணை 100-க்கு உயர்த்தினால் உருளைக்குப் பின்னால் சுழல்கள் மாறி மாறி உதிரும். அவை எத்தனை அடிக்கடி உதிர்கின்றன என்பதைக் காட்டும் ஸ்ட்ரூகால் எண் 0.295 முதல் 0.305, உச்ச இழுவைக் கெழு 3.22 முதல் 3.24. எல்லாம் ஒரு சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

இந்தக் கேஸ் இன்னொரு வகையிலும் நல்ல வாத்தியார். கெழுவைக் கணக்கிடும் ஃபோர்ஸ்-கோஎஃப்ஸ் பகுதியில் எந்த வேகத்தைக் கொடுப்பது? நுழைவாயிலில் வேகம் பரவளைய வடிவில் இருக்கிறது. நடுவில் உச்சம் 0.3, சராசரி 0.2. கெழுவுக்குச் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். 0.3 போட்டால் 5.58 வர வேண்டிய இடத்தில் 2.48 வந்து நிற்கும். அடுத்தது பரப்பளவு. ஓபன்ஃபோமில் இரு பரிமாணக் கணக்கு என்பது மூன்றாவது திசையில் ஒரே ஒரு செல் தடிமன் உள்ள மெஷ்தான். தடிமன் 0.1 மீட்டர் என்றால் பரப்பு 0.1 பெருக்கல் 0.1. தடிமனை மறந்துவிட்டு விட்டத்தை மட்டும் போட்டால் விடை பத்தில் ஒரு பங்காகிவிடும். விமான இறக்கைக் குறுக்குவெட்டு, கார் வடிவம் என்று எதை எடுத்தாலும் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. விடை தெரியாத கணக்கில் விழுந்தால் விழுந்ததே தெரியாது. 0.558 வந்தது, ஏதோ ஒரு எண், சரி என்று ஆய்வேட்டில் ஏறிவிடும். விடை தெரிந்த கேஸ் ஒன்று அருகில் இருந்தால் அங்கேயே பிடிபடும். கேஸோடு வைக்கும் விளக்கக் குறிப்பான ரீட்மீ கோப்பில் இந்த இரண்டு பொறிகளையும் இரண்டே வரியில் எழுதி வைத்தால், அது ஒரு வகுப்புக்குச் சமம்.

அந்த ரீட்மீயைத் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். பாலிடெக்னிக் பிள்ளைகளும் எட்டிப் பார்ப்பார்கள்.

கேஸ் ஓட வேண்டும் என்று சொன்னேன். ஓடுவது என்றால், ஆல்ரன் என்ற கோப்பை இயக்கியதும் மெஷ் உருவாவதிலிருந்து கடைசி வரைபடம் வரை யார் கையும் படாமல் நடப்பது. நடைமுறையில் இதைக் கெடுப்பவை சில்லறைச் சங்கதிகள்தான். மெஷ்ஷை வேறு ஏதோ வணிக மென்பொருளில் செய்து மாற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். மூலக் கோப்பு இருக்காது. கோப்புகளுக்குள் அந்த மாணவரின் வீட்டு டைரக்டரியின் முழு முகவரி எழுதியிருக்கும். அவர் தானே எழுதிக் கம்பைல் செய்த ஒரு பவுண்டரி கண்டிஷன் (எல்லை நிபந்தனை) தேவைப்படும். அந்த நிரல் கூட வராது. பிளாக்மெஷ், ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ், ஜிமெஷ் போன்று எழுத்தில் எழுதக்கூடிய மெஷ் மட்டுமே களஞ்சியத்துக்கு வரலாம் என்று விதி வைத்தால் பாதி தீர்ந்தது. மீதியைக் கண்டுபிடிக்க, இன்னொரு மாணவரின் கணினியில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொன்னால் போதும். நீங்கள் கூட உட்கார வேண்டாம்.

மற்ற மென்பொருள்காரர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. சாண்டியா ஆய்வகத்தில் உருவான லாம்ப்ஸ் என்ற மூலக்கூறு இயக்கவியல் மென்பொருளில், எடுத்துக்காட்டுக் கோப்புறைகளில் உள்ளீட்டோடு அது ஓடியபோது வந்த லாக் கோப்பும் (ஓட்டத்தின் பதிவு) இருக்கும். அந்தக் கோப்பின் பெயரிலேயே எந்தத் தேதிப் பதிப்பு, எந்தக் கம்பைலர், எத்தனை பிராசசர் என்று எழுதியிருப்பார்கள். புதிதாக ஓட்டுகிறவர் தன் லாகை அதன் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்க்கலாம். ஒரு பைசா செலவில்லாத ஏற்பாடு. ஓபன்ஃபோம் உலகில் இது ஏன் வழக்கமாகவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. டீல்-டூ என்ற எஃப்இஎம் (வரையறுத்த கூறு முறை) நிரல் நூலகத்தில், உருவாக்குநர்களே பராமரிக்கும் டுடோரியல்கள் ஒரு பக்கம், பயனர்கள் கொடுத்தவை கோட் கேலரி என்ற பெயரில் இன்னொரு பக்கம். எதற்கு யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, மூலக்கூறு இயக்கவியலுக்கான புளூமெட் மென்பொருளின் பயனர்கள் நடத்தும் களஞ்சியம். புளூமெட்-நெஸ்ட் என்று பெயர்; 2019-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் அறிவித்தார்கள். கட்டுரைகளில் பயன்படுத்திய உள்ளீட்டுக் கோப்புகளை அங்கே ஏற்றுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர எண். மென்பொருளின் இன்றைய பதிப்பிலும், உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பிலும் அந்தக் கோப்பு வேலை செய்கிறதா என்று கணினியே சோதித்துப் பக்கத்திலேயே காட்டிவிடும். எடுத்துக்காட்டுக் களஞ்சியம் என்று சொன்னாலே பலருக்கும் மனதில் வருவது ஒரு கூகுள் டிரைவ் கோப்புறைதான். எல்லாரும் கொட்டுவார்கள், ஒருவரும் திறக்க மாட்டார்கள். புளூமெட்காரர்கள் அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டது இந்தத் தானியங்கிச் சோதனையால்தான் என்பது என் எண்ணம்.

நமக்கு அந்தச் சோதனை இன்னும் அவசியம். காரணம் ஓபன்ஃபோமின் குடும்பக் கதை. 2011-இல் எஸ்ஜிஐ என்ற கணினி நிறுவனம், ஓபன்ஃபோமை வெளியிட்டுவந்த ஓபன்சிஎஃப்டி நிறுவனத்தை வாங்கியது, அதே வருடம் ஓபன்ஃபோம் ஃபவுண்டேஷன் வந்தது. 2012-இல் ஓபன்சிஎஃப்டி, ஈஎஸ்ஐ என்ற சிமுலேஷன் நிறுவனத்தின் கைக்குப் போனது. பிறகு ஃபவுண்டேஷன் கிளை ஒரு பக்கம், ஈஎஸ்ஐ கிளை ஒரு பக்கம் என்று பிரிந்து வளர்ந்தன. அப்புறம் ஃபோம்-எக்ஸ்டெண்ட் என்று மூன்றாவது ஒன்று. ஈஎஸ்ஐ கிளை ஜூனிலும் டிசம்பரிலும் வரும். வி2312 என்றால் 2023 டிசம்பர். ஃபவுண்டேஷன் கிளை 8, 9, 10 என்று எண்ணிக்கொண்டு போகிறது. 2023-இல் வந்த 11-ஆம் பதிப்பில், சிம்பிள்ஃபோம், பைசோஃபோம் என்று காலம் காலமாகத் தனித்தனியாக இருந்த சால்வர்களின் இடத்தில் ஃபோம்ரன் என்ற ஒரே நிரலும் அதற்குள் மாட்யூல்களும் வந்துவிட்டன. டிரான்ஸ்போர்ட்-பிராப்பர்ட்டீஸ் என்ற கோப்பும் அந்தக் கிளையில் ஃபிசிக்கல்-பிராப்பர்ட்டீஸ் ஆகிவிட்டது. ஒரு கிளைக்கு எழுதிய கேஸை மற்றதில் ஓட்டினால் முதல் வரியிலேயே பிழைச் செய்தி. புதிதாகக் கற்கும் பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு இரவெல்லாம் முழிக்கும்.

அதற்காக எல்லாக் கேஸையும் எல்லாப் பதிப்புக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது ஆகிற காரியமும் அல்ல. எந்தக் கிளை, எந்தப் பதிப்பு என்று முதல் வரியில் எழுதினால் போதும். புதுப் பதிப்பு வரும்போது, மென்பொருளை முழுதாக அடைத்துவைத்த ஒரு டாக்கர் பிம்பத்தில் ஒவ்வொரு கேஸையும் சில நேரப்படிகள் மட்டும் தானாக ஓட்டிப் பார்த்து, ஓடினால் பச்சை, நின்றுவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்த கேஸை நீக்கவே கூடாது. அடுத்த வருட மாணவருக்கு அதைப் பச்சையாக்குவதே ஒரு அழகான சிறு புராஜெக்ட். சமன்பாடு, கோப்பு, பதிப்பு எல்லாவற்றையும் அதில் கற்றுவிடலாம்.

ஒத்துவராத விடைகளும் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஆய்வேடுகளில் எல்லா வரைபடமும் சோதனை எண்களோடு ஒட்டி உரசிக்கொண்டுதான் போகும். பின்படிப் பாய்வை, அதாவது கீழிறங்கும் படி ஒன்றைத் தாண்டும் பாய்வை, எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர், சீக்மில்லர் இருவரும் 1985-இல் வெளியிட்ட சோதனையில், படியைத் தாண்டிப் பிரிந்த பாய்வு திரும்பச் சுவரைத் தொடும் தூரம் படியின் உயரத்தைப் போல 6.26 மடங்கு, கூடக் குறைய 0.10. நாசாவின் டர்புலன்ஸ் மாடலிங் தளத்தில் மெஷ் உட்பட எல்லாம் கிடைக்கிறது. வழக்கமான கே-எப்சிலான் என்ற டர்புலன்ஸ் மாடலை வைத்து ஓட்டினால் பாய்வு அதைவிடச் சீக்கிரமே சுவரைத் தொட்டுவிடும். இது துறையில் எல்லாருக்கும் தெரிந்த குறை. அந்தக் கேஸ், "இந்த மாடல் இங்கே சரிவராது, ஏனென்று பாருங்கள்" என்ற குறிப்போடு களஞ்சியத்தில் இருந்தால் எவ்வளவு பேருக்குப் பயன்! கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற இன்னொரு மாடலின் கேஸ் ஒன்றையும் பக்கத்திலேயே வைத்தால் வகுப்பில் ஒரு மணி நேரப் பாடம் தயார். இதற்கு மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டோம் என்று நீங்கள் சொன்னால்தான் இப்படிப்பட்ட கேஸ்கள் வெளியே வரும். குறைப்போம் என்று பயந்தால், ஒத்துப்போகும் வரை எண்ணைத் திருகுவார்கள்.

இடம் பற்றிக் கவலையே வேண்டாம். முடிவுகளை ஏற்றினால்தான் பெருக்கும். 10 லட்சம் செல் உள்ள மெஷ்ஷில் வேகத்துக்கு மட்டும், ஒரே ஒரு நேரப்படிக்கு, பைனரியாகச் சேமித்தாலே 24 மெகாபைட். அவற்றை ஏற்ற வேண்டாம். உள்ளீடும், ஒப்பிட வேண்டிய கோட்டில் எடுத்த எண்களின் சிறு பட்டியலும், லாகும் போதும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 100 மெகாபைட்டுக்கு மேல் போகும் கோப்பை ஏற்காது. நமக்கு அவ்வளவு தேவையும் இல்லை. நிரந்தர எண் வேண்டுமென்றால் செர்ன் ஆய்வகம் 2013-இலிருந்து நடத்தும் ஜெனோடோ என்ற தளம் இருக்கிறது, இலவசம். உரிமம் பற்றி ஒரே சொல்: டுடோரியலைத் திருத்தி எழுதிய கேஸ் ஜிபிஎல்லிலேயே இருக்கட்டும், விளக்கமும் படங்களும், பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற சிசி-பை உரிமத்தில். இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய கார் வடிவத்தை மட்டும், அதன் உரிமம் தெரியாமல் ஏற்ற விடாதீர்கள்.

உங்களில் சிலர் என்ன நினைப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. கேஸைத் திறந்துவைத்தால் அடுத்த வருட மாணவர்கள் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்பது முதல் பயம். உண்மைதான், எடுப்பார்கள். இப்போதும் எடுக்கிறார்கள், சீனியரின் பென் டிரைவிலிருந்து, உங்களுக்குத் தெரியாமல். பொதுவில் இருந்தால் எதிலிருந்து எடுத்தது என்று உங்களுக்குத் தெரியும், "இதில் நீ என்ன மாற்றினாய்" என்று வைவாவில் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற பிள்ளை கற்றிருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, கட்டுரை இன்னும் வெளிவரவில்லை என்பது. நியாயம். வெளிவந்த பிறகு ஏற்றுங்கள். தேதி போட்டுப் பூட்டிவைக்கும் வசதி ஜெனோடோவிலேயே இருக்கிறது. நிறுவனங்களுக்குச் செய்த வேலையாக இருந்தால் வடிவத்தை விட்டுவிட்டு, அதே முறையைத் தெரிந்த ஒரு கணக்கில் செய்து காட்டிய கேஸை மட்டும் கொடுக்கலாம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது பயமும் உண்டு. திறந்தால் பிழை தெரிந்துவிடுமே என்பது. தெரியட்டும் சார். சமன்பாட்டில் ஒரு குறி தவறினால் வகுப்பில் கடைசி பெஞ்சு பிள்ளை எழுந்து சொல்வதில்லையா?

எங்கே கட்டுவது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. புதிதாக ஒரு தளம் தொடங்கி, பெயர் வைத்து, சின்னம் வரைந்து, திறப்பு விழா நடத்தி, ஒரு வருடத்தில் கைவிடுவதில் எனக்கு ஆர்வமும் இல்லை. ஐஐடி பம்பாயில், திறமூல மென்பொருள்களைக் கல்வியில் பரப்பும் ஃபாஸ்ஸி திட்டம் இருக்கிறது. ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் உதவியில் நடக்கிறது. ஓபன்ஃபோம் கேஸ் ஸ்டடி என்ற பெயரில் மாணவர்கள் செய்த கேஸ்களை வாங்கி, சரிபார்த்து, பொதுவில் வைத்து, சன்மானமும் தருகிறார்கள். டிடபிள்யூசிம் என்ற வேதிச் செயல்முறைச் சிமுலேஷன் மென்பொருளுக்கு வேதித் தொழிற்சாலைகளின் ஃப்ளோஷீட்டுகளையும் (செயல்முறை வரைபடங்கள்) இப்படியே சேர்த்திருக்கிறார்கள். பாதை போட்டவர்கள் அவர்கள். உங்கள் மாணவர்கள் முதலில் அங்கே அனுப்பட்டும். அதோடு உங்கள் துறைக்கென்று ஒரு கிட் களஞ்சியம் இருந்தால் வருடா வருடம் பச்சை, சிவப்புப் பார்ப்பது உங்கள் கையில் இருக்கும். ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு காப்பாளர் பெயர் வேண்டும். மாணவர் படிப்பை முடித்துப் போகும்போது அந்தப் பெயர் அடுத்தவருக்கு மாற வேண்டும். ஆய்வகச் சாவியைக் கைமாற்றுவதற்குப் பதிவேடு வைத்திருக்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான்.

மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டால், புராஜெக்டின் அகமதிப்பீட்டில் ஒரு சிறு பகுதி போதும். அளவுகோலும் எளிது. இன்னொருவர் கணினியில் ஆல்ரன் ஓடியதா, தெரிந்த விடையோடு ஒப்பீடு இருக்கிறதா, பதிப்பும் உரிமமும் எழுதியிருக்கிறதா. நான்காவதாக எதையும் சேர்க்காதீர்கள். படிவம் நீண்டால் பிள்ளைகள் படிவத்தைத்தான் நிரப்புவார்கள்.

தொழில்துறையில் இருக்கும் எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன உருளைக் கணக்கின் இரண்டு கேஸ்களையும், ரெனால்ட்ஸ் எண் 100-இலும் 1000-இலும் கியாவின் எண்களோடு ஒப்பிட்ட கேவிட்டியையும், ஈஎஸ்ஐ, ஃபவுண்டேஷன் இரண்டு கிளைகளுக்கும் எழுதி, லாகோடும் தமிழ் விளக்கத்தோடும் தருகிறேன். எந்தத் துறை முதலில் களஞ்சியம் திறக்கிறதோ அங்கே ஏற்றிக்கொள்ளலாம். மாணவர்கள் அனுப்பும் கேஸ்களை வார இறுதிகளில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல, என்னைப் போன்ற சிலரையும் திரட்ட முடியும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பத்தில் ஒரு களஞ்சிய முகவரி இருந்தால் நாங்கள் அதைத்தான் முதலில் திறப்போம் என்பதையும் உங்கள் மாணவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் அவர்களுக்கு ஊக்கம் தேவைப்படாது.

இந்தப் பருவத்தின் புராஜெக்ட் தலைப்புகளை நீங்கள் இறுதி செய்யும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். கடைசி மாதத்தில் சொன்னால் மாணவர்கள் இருப்பதைச் சுருட்டி ஒரு ஜிப் கோப்பாகத் தருவார்கள். முதல் மதிப்பாய்விலேயே தெரிந்த விடையுள்ள கேஸை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சொந்தக் கணக்கு அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
பாய்மக் கணக்குகளை நம்பிப் பிழைக்கும் ஒரு பொறியாளன்